மலையைச் சுற்றி மிதிவண்டியில்

திருவண்ணாமலை செல்வோர் மிதிவண்டியில் காணத்தக்க வழிகள் மூன்று உள்ளன. மூன்றிற்கும் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமப் பகுதியிலிருந்தே புறப்படலாம்.

முதலாவது, மலையைச் சுற்றும் 14 கி.மீ. கிரிவலப் பாதை. மேற்கே சென்று வலப்புறம் திரும்பினால், அடி அண்ணாமலை வழியாக நகருக்குள் மீளலாம். ஃபஜ்ருத் தொழுகை முடித்துப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சுற்றிவிடலாம்.

இரண்டாவது, தென்பெண்ணையாற்றின் மீதுள்ள சாத்தனூர் அணை. போக மட்டும் சுமார் 30 கி.மீ. ஆகும். குடிநீரும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் உடனிருக்கட்டும்.

மூன்றாவது, கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டை. 1714இல் தேசிங்கு ராஜன் வீழ்ந்த போரில், அவனுக்காக உயிர் துறந்த தோழன் மஹபத்கானை நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் இன்றும் போற்றுகின்றன. வென்ற சாதத்துல்லாகானின் பெயர் தாங்கிய பள்ளிவாசலும் அங்கு உண்டு.

செஞ்சி சொல்லும் அத்தோழமையைக் கிரிவலப் பாதையிலும் காப்போம். செருப்பின்றி நடப்போருக்கே அங்கு முதலுரிமை. மணியடித்து விரட்டாதீர்கள், வேகம் குறைத்து ஒதுங்கிச் செல்லுங்கள். இலட்சக்கணக்கானோர் திரளும் பௌர்ணமியன்று வண்டியை எடுக்கவே வேண்டாம். பிறர் வழிபாட்டிற்கு இடையூறு செய்யாத பயணமே கண்ணியமான பயணம்.