அடுக்களைக்கு ஏது ஊரடங்கு?



ஹிஜ்ரி 1441ஆம் ஆண்டின் ரமளானை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. அது மேலும் மேலும் நீட்டிக்கப்படவே, ஏப்ரல் 25இல் தொடங்கிய நோன்பும், மே 25இல் வந்த ஈதுப் பெருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் கிரீன்வேஸ் சாலைப் பறக்கும் ரயில் நிலையம் ஓசையற்றுக் கிடந்தது. பாங்கு கேட்டது, ஜமாஅத்திற்குச் செல்ல வழியில்லை.

இத்தகைய கட்டுப்பாடு மார்க்கத்திற்குப் புதியதன்று. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதிருக்கவும், அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு ஓடாதிருக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டு, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்து, தோழர்களுடன் ஆலோசித்து மதீனாவுக்குத் திரும்பிய வரலாறும் நாம் அறிந்ததே. ஆதலால் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை நம் மக்கள் தயக்கமின்றி ஏற்றனர். வீட்டில் எவ்வாறு இருப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் திணறின.

காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் ஆண்மகன் தன் வீட்டிலேயே ஏறத்தாழ ஒரு விருந்தாளி. அந்த விருந்தாளி இரவும் பகலும் தங்க நேர்ந்தபோது, அவருடைய அலுவலகமும் கூடத்திற்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் புகுந்தது. ஒரே கைப்பேசிக்கு இரண்டு பிள்ளைகள் போட்டியிட்டனர். துணைக்கு வந்துகொண்டிருந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணும் வர இயலவில்லை. இத்தனை பேருடைய சுமையும் சென்று இறங்கிய இடம் ஒன்றே: இல்லத்தரசியின் தோள்!

நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். தூக்குவாளியுடன் பள்ளிவாசலுக்குப் பிள்ளையை அனுப்பினால் கஞ்சி வந்துவிடும் என்பது தமிழக முஸ்லிம்களுக்கு எவ்வளவு பெரிய பேறு! அந்த ஆண்டு பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சப்படவில்லை. அரசு நோன்புக் கஞ்சிக்காக வழங்கும் பச்சரிசியை வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பள்ளிவாசலின் பெரிய தேக்சாவில் ஆண்கள் காய்ச்சிய கஞ்சி, வீட்டுக்கு வீடு பெண்களின் வேலையாயிற்று. நோன்போடு கஞ்சி காய்ச்சி, மக்ரிபுக்குப்பின் இரவு உணவு சமைத்து, தராவீஹ் தொழுது, பிறர் உறங்கும்போதே எழுந்து ஸஹருக்கும் அடுப்பு மூட்டியவர் யார்? கடைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. அடுக்களைக்கு ஒரு நாளேனும் ஊரடங்கு இருந்ததா?

இது நம் சமுதாயத்திற்கு மட்டும் உரிய குறையன்று. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். 2024இல் அதே ஆய்வு மீண்டும் நடத்தப்பட்டது. பெண்ணுக்கு 289 நிமிடங்கள். ஆணுக்கு 88 நிமிடங்கள். மாதக்கணக்கில் வீட்டோடு இருந்து, அங்கே நடக்கும் உழைப்பைக் கண்ணாரக் கண்ட பிறகும் ஆணின் கை அடுக்களைப் பக்கம் நீளவில்லை என்பதைத்தானே இந்தக் கணக்கு காட்டுகிறது?

நம் தலைவரின் இல்லத்தில் வழக்கம் வேறாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்ற கருத்தில் அன்னையார் பதிலளித்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்ததும், செருப்பைச் செப்பனிட்டதும், ஆட்டுப்பால் கறந்ததும் அறிவிப்புகளில் காணக்கிடைக்கின்றன. தாடியிலும் தலைப்பாகையிலும் சுன்னத்தைத் தேடும் நாம், கழுவும் தொட்டியின் அருகிலும் ஒரு சுன்னத் காத்திருப்பதை ஏன் காண்பதில்லை?

ஊரடங்கு தளர்ந்து மதரஸா திறந்தபின், வீட்டில் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். பெண்பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போயினர். ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவன் மட்டும் எழுந்து, "நான் செய்யப் போனேன். ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு அம்மா அனுப்பிட்டாங்க" என்றான். தாய்மார்களே, அவன் சொன்னதைச் சற்று எண்ணிப் பாருங்கள்! மகனின் கையிலிருந்து நீங்கள் வாங்கி வைக்கும் துடைப்பம், நாளை உங்கள் மருமகளின் கைக்கல்லவா போய்ச் சேரும்?

அந்த நாட்கள் துன்பத்தை மட்டும் தரவில்லை. அத்தா இமாமாக நிற்க, பின்னால் மனைவியும் மக்களும் அணிவகுத்துத் தொழுத கூடங்கள் உண்டு. பேரப்பிள்ளைக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த பாட்டனார்கள் உண்டு. கூடி வணங்க அறிந்த குடும்பம் கூடி உழைக்கவும் அறியவேண்டும்.

செய்யவேண்டியவை மலையைப் புரட்டும் காரியங்கள் அல்ல. தான் உண்ட தட்டைத் தானே கழுவுதல், ஸஹருக்கு மனைவியோடு சேர்ந்து எழுதல், வாரத்தில் ஒருநாள் சமையலைத் தந்தையும் மகன்களும் ஏற்றல், சமைத்தவர் வந்து அமரும்வரை உண்ணத் தொடங்காதிருத்தல் ஆகிய நான்கும் போதும். நோய் வந்து கதவை அடைத்தால்தான் வீட்டை நினைப்போம் என்றிருப்பது அறிவுடையோர்க்கு அழகன்று. வருகிற நோன்பிலேனும் நம் வீட்டுப் பெண்மணிகள் பாங்கு சொல்லும்போது அடுப்படியில் நில்லாமல், நம்மோடு அமர்ந்து பேரீச்சம்பழம் உண்டு நோன்பு திறக்கட்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.