வண்ணத்தாளை யார் மடிப்பது? அம்மாவா, பிள்ளையா?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துப் பெற்றோருக்கு இது பழகிய கதை. இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளைக்கு நினைவு வரும்: "நாளைக்குக் கலர் பேப்பர் வேலை கொடுக்கணும்!" அப்பா கடைக்கு ஓடுவார். அம்மா வெட்டுவாள், ஒட்டுவாள். பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் மார்க் வாங்குவது அம்மாவின் கை!

இது சரியல்ல. வண்ணத்தாள் பிள்ளையின் கைக்காகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்த பொருள்.

பழைய சீனாவில் மரப்பட்டைச் சாறு தோய்த்துக் காகிதத்தை மஞ்சளாக்கினார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. 1856-ல் பெர்க்கின் என்ற 18 வயது ஆங்கிலேய மாணவர் மலேரியா மருந்து தேடினார். கிடைத்ததோ ஊதாச் சாயம்! அதன் பிறகு ஆலைச் சாயங்கள் பெருகின.

வண்ணத்தாளில் இரண்டு வகை உண்டு. காகிதக் கூழிலேயே சாயத்தைக் கலந்தால் இருபுறமும் ஒரே நிறம். வெள்ளைத் தாளின் மேல் வண்ணம் பூசி, உருளையில் தேய்த்து மெருகேற்றினால் ஒருபுறம் மட்டும் பளபளப்பு. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும். மடிப்பதற்கு இரண்டாவது வகை நல்லது. மடித்த இடத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும்!

1837-ல் ஜெர்மனியில் குழந்தைகள் பள்ளி தொடங்கியவர் பிரோபெல். காகித மடிப்பையும் பாடமாக்கியவர் அவர். அந்தப் பள்ளிகளுக்கான வண்ணத்தாள் கட்டு ஒன்றைப் பார்த்துத்தான் டி. சுந்தரராவுக்கு யோசனை பிறந்தது. 1893-ல் சென்னையில் அவருடைய ஆங்கிலப் புத்தகம் வெளிவந்தது. காம்பஸ் இல்லை, பேனாக்கத்தியும் காகிதத் துண்டுகளும் போதும். மடித்தே வடிவ கணிதம் சொல்லிக் கொடுத்தார்! ஜெர்மன் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901-ல் சிக்காகோவிலும் அச்சாயிற்று. சென்னையில் பிறந்த அந்த வித்தை சென்னைப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போகலாமா?

ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். வீட்டு வேலையாகக் கொடுக்காமல், வகுப்பிலேயே ஆளுக்கு ஒரு சதுரத்தாள் கொடுக்கட்டும்.

அதை நெட்டுவாக்கில் பாதியாக மடித்துப் பிரித்தால் நடுக்கோடு விழும். கீழே இடது முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது முனையைத் தூக்கி நடுக்கோட்டைத் தொட வைக்க வேண்டும். தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து கீழ் முனைகள் இரண்டுக்கும் கோடு போட்டால் முக்கோணம். மூன்று பக்கமும் சமம்! நம்பாத பிள்ளை ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கட்டும்.