கொதிப்பது எதனால்?

காய்ச்சல் என்றதும் கத்தியை எடுக்கும் மருத்துவரை நாம் நம்புவோமா? காரின் எஞ்சின் சூடேறினால் மட்டும், காரணம் அறியுமுன் ரேடியேட்டரைக் கழற்றச் சம்மதிக்கிறோமே, ஏன்?

எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். புது ரேடியேட்டருக்கு ஒரு மாத வருவாயைக் கொடுத்தார், சூடு தணியவில்லை. பழுதோ விசிறியின் எரிந்துபோன ஃபியூஸில்! வண்டி நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போதா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அதுவன்றோ முதற்கேள்வி! சில்க் போர்டு நெரிசலில் முள் ஏறி, ஓசூர்ச் சாலையில் ஓடும்போது இறங்கினால் விசிறியைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறி. ஓட ஓட ஏறினால் கூலன்ட் ஓட்டம் குன்றியிருக்கலாம்: அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்பு. வெளியே கசிவின்றிக் கூலன்ட் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுறுங்கள்.

மூடியையும் மறவாதீர்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சினுக்குள் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காதிருப்பதற்கு மூடி காக்கும் அழுத்தம் ஒரு காரணம். மூடி தளர்ந்தால் கொதிப்பு முந்தும். சூட்டோடு அதைத் திறந்தாலோ, வெந்நீர் முகத்தில் பாயும். ஆறிய பின்னரே தொடுங்கள்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்க்கச் சோதனைக்கூடத்தில் கற்றோம். அந்த முறை தெருவுக்கும் வரட்டும். கேள்வி முதலில், செலவு பிறகு. நம் கல்வி உழைப்பவரின் காசைக் காக்கட்டும்!