வயரா, காற்றா?

‘‘வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன் ஸார். நெட் வயர்ல குடுக்கறதா, வை-ஃபை போதுமா?’’

ஆபீஸ் லிஃப்டில் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் ‘ஸ்கூட்டரா, பைக்கா?’ என்று கேட்ட அதே குரல். பாதிப் பேர் முடிவு செய்துவிட்டு நம் தலையாட்டலுக்காக மட்டும் கேட்பதும் அதேபோல்தான்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது என்பது ஒன்று. வாசலிலிருந்து உங்கள் மேஜைக்கு எப்படிப் போகிறது என்பது இன்னொன்று.

முதலாவதை சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் தெருவில் ஃபைபர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். இல்லையென்றால், 2023-லிருந்து ஏர்டெல்லும் ஜியோவும் மொட்டை மாடியில் ஒரு டப்பா வைத்து, 5ஜி அலைவரிசையில் வீட்டுக்கு இன்டர்நெட் தருகிறார்கள். காற்றில் இன்டர்நெட் என்பது சென்னைக்குப் புதிதும் அல்ல. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு தொண்ணூறுகளிலேயே ‘கார்டெக்ட்’ என்று ஒன்றை உருவாக்கியது. விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று செல்போனில் எடுக்கும் 3 மெகாபைட் போட்டோ ஒன்று அதில் வந்து சேர ஆறு நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

தலைவலி இரண்டாவது கேள்வியில்தான்.

வை-ஃபை என்பது ஒரே ஒரு மைக்கை வைத்து நடத்தும் பட்டிமன்றம். ஒருவர் பேசும்போது மற்ற எல்லோரும் சும்மா இருக்கவேண்டும், ரௌட்டர் உள்பட. வாயைத் திறக்கும் முன் ‘யாராவது பேசுகிறார்களா?’ என்று காது கொடுத்துக் கேட்கவேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டால் இரண்டுமே பாழ். சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கவேண்டும். உங்கள் கம்ப்யூட்டர், மனைவியின் செல்போன், ஹாலில் டி.வி., பையனின் டேப் எல்லாமே இந்த க்யூவில் நிற்கின்றன.

அதோடு போனால் பரவாயில்லை. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் ஊரில் 13 சேனல்கள் உண்டு என்றாலும், ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. உங்கள் செல்போனில் எத்தனை வை-ஃபை பெயர்கள் தெரிகின்றன, எண்ணிப் பாருங்கள். நெருக்கமான ஃப்ளாட் என்றால் பதினைந்துக்குக் குறையாது. அத்தனை பேரும் அந்த மூன்று மைக்குகளைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். பக்கத்து வீட்டில் உப்புமா சுட வைத்தால் உங்கள் வீட்டில் சினிமா திக்குவது வெறும் பிரமை அல்ல.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், கூட்டம் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் அதற்கு ஆகாது. கான்க்ரீட், ஒன்பது அங்குலச் செங்கல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. ரௌட்டர் இருக்கவேண்டிய இடத்தை நாமா தீர்மானிக்கிறோம்? கனெக்ஷன் கொடுக்க வந்தவரின் டிரில் எட்டிய இடம், அவ்வளவுதான். பெரும்பாலும் டி.வி.க்குப் பின்னால், அல்லது செருப்பு ஸ்டாண்டுக்கு மேல்.

எங்கள் எதிர் ஃப்ளாட் பையன் இன்ஜினீயரிங் முடித்து ஒன்றரை வருஷம் வேலை தேடிக்கொண்டிருந்தான். அப்பா ரிடையர்ட். மூன்று ரவுண்டு தாண்டி நாலாவது இன்டர்வியூ, வீடியோவில், சாயங்காலம் ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் பிளாக் முழுக்கப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து கார்ட்டூன் போட்டிருப்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்றாம். ‘என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?’ என்றார்கள். இவன் வாயைத் திறந்தான். படம் உறைந்துவிட்டது. திறந்த வாய் திறந்தபடி அரை நிமிஷம். திரும்பி உயிர் வந்தபோது அவர்கள் ‘தாங்க் யூ’ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை வரவில்லை.

‘‘சம்பளத்தைக் கேட்டதும் எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க அங்கிள்’’ என்றான். சிரித்தான்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

மறுநாளே 200 மெகாபிட் ப்ளானை 300 ஆக்கச் சொல்லி கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். வைக்கச் சொன்னேன். வீடியோவில் முகம் காட்ட ஐந்து மெகாபிட்டே தாராளம். வேண்டியது வேகம் அல்ல, நிதானம்.

இதைச் சோதிக்க ஒரு காசு செலவில்லாத வழி உண்டு. கமாண்ட் ஜன்னலைத் திறந்து ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் 192.168.1.1. இது தெருவுக்கே போகாது. மேஜைக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஒரு ‘குக்கூ’, அவ்வளவுதான். நாலைந்து தடவை செய்யுங்கள். 2, 3, 2 மில்லிசெகண்ட் என்று வந்தால் வீட்டுக்குள் வியாதி இல்லை, கம்பெனியைத் திட்டலாம். இவனுக்கு 3, 2, 180, அப்புறம் பதிலே இல்லை. ப்ளானை ஆயிரம் மெகாபிட் ஆக்கினாலும் இது தீராது.

ரெடிமேடாக இரண்டு முனையும் மாட்டிய 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி வந்தான். சில நூறு ரூபாய். பிங் ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. வயரில் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. க்யூவும் கிடையாது, பக்கத்து வீட்டு உப்புமாவும் கிடையாது. அடுத்த இன்டர்வியூவில் சம்பளம் பேசி முடித்தார்கள். கேட்டதைவிடக் குறைச்சல்தான், ஆனால் படம் உறையவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வயருக்கே ஆதி காற்றுதான். 1971-ல் ஹவாயில் நார்மன் ஆப்ராம்சன் தீவுகளுக்கு நடுவே ரேடியோவில் கம்ப்யூட்டர்களைப் பேச வைத்தார். ‘அலோஹாநெட்’ என்று பெயர். அந்த யோசனையை பாப் மெட்கால்ஃப் 1973-ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் கேபிளுக்குள் அடைத்து ஈதர்நெட் என்றார். வெட்டவெளி எங்கும் நிறைந்திருப்பதாக அந்தக் கால விஞ்ஞானிகள் நம்பிய, உண்மையில் இல்லாத ஒரு வஸ்துவின் பெயர் ஈதர். அதை ஒரு வயருக்கு வைத்ததில் ஏதோ குறும்பு இருக்கிறது. 2022-க்கான டூரிங் விருது அவருக்குத்தான்.

ஆக, வீட்டில் நகராத சாமான்களுக்கு வயர்: மேஜைக் கம்ப்யூட்டர், டி.வி. நகர்பவைக்குக் காற்று: செல்போன், ஊஞ்சலில் ஆடும் லேப்டாப். இரண்டில் ஒன்று என்று சத்தியம் செய்யவேண்டாம்.

வாங்கும்போது ‘கேட்-5ஈ’ அல்லது ‘கேட்-6’ கேளுங்கள். நூறு மீட்டர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் போகும். உள்ளே எட்டுக் கம்பிகளும் சுத்தத் தாமிரமா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசி விற்பார்கள். எட்டில் நாலு மட்டும் இணைந்திருந்தால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாது. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். மொட்டை மாடி வழியாக இழுக்கவே இழுக்காதீர்கள். ஐப்பசி இடி எங்கோ விழுந்தால்கூட ரௌட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து சிவலோகம் போய்விடும்.

வயருக்கு வழியே இல்லையா? ரௌட்டரை டி.வி.க்குப் பின்னாலிருந்து விடுவித்து, உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். கட்டைவிரல் அளவு வை-ஃபை குச்சியை சி.பி.யு.வின் முதுகில் செருகாமல், சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டு மேஜை மேல் கொண்டு வாருங்கள். பாதி வியாதி குணமாகும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைப்பது தர்மசங்கடம். அதற்குத்தான் பட்டையான லேன் கேபிள் இருக்கிறது. கதவுக்கு அடியில் பல்லி மாதிரி நுழைந்துவிடும். நண்பர் ஒருவர் அப்படித்தான் இழுத்திருந்தார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

‘‘இது என்ன வயரு?’’

‘‘இன்டர்நெட் ஸார். சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கலை.’’

‘‘அது சரி. இப்படியே மாடிக்கும் ஒண்ணு இழுத்துருங்க. எங்க வீட்டுல வை-ஃபை சரியா வரலை.’’