பத்துப் பேருக்கு ஒரு பந்து

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போயிருக்கிறீர்களா? தொழிற்சாலைகள் பின்னால் போய், காடும் கேழ்வரகுக் கொல்லையும் முன்னால் வரும். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம். பள்ளியின் பெயர் வேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் பொருந்தும். இரும்புக் கம்பத்தில் ஒரு வளையம், வலை கிடையாது. பி.டி. பீரியட். பந்தை உருட்டிவிட்டு வாத்தியார் மர நிழலுக்குப் போய்விட்டார். பையன்கள் கூட்டமாகத் துரத்துகிறார்கள். பெண் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

"என்ன சார் நடக்குது?" என்றேன்.

"பேஸ்கட்பால் பிராக்டீஸ் சார்" என்றார்.

மன்னிக்க வேண்டும். அது பிராக்டீஸ் இல்லை, வெறும் விளையாட்டு. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் நம் பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு ஆட்டம் 40 நிமிடம். களத்தில் 10 பேர், பந்து ஒன்று. சரிசமமாகப் பங்கு வைத்தாலும் ஆளுக்கு 4 நிமிடம்தான் பந்து கையில் இருக்கும். ஆனால் யார் பங்கு வைக்கிறார்கள்? ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவன் கையில்தான் பந்து சுற்றும். மற்றவர்கள் பின்னாலேயே ஓடி வியர்ப்பார்கள். அதே பந்தை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் முறை போட்டால், இருநூறு தடவைக்கு மேல் தரையில் தட்டலாம்.

"ஆடினால்தானே சார் ஆட்டம் வரும்?" என்பீர்கள். ஜார்ஜ் மைக்கானுக்கு அப்படி வரவில்லை. ஆறடி பத்தங்குல உயரம், தடித்த கண்ணாடி, தட்டுத்தடுமாறும் கால்கள். 1942இல் சிகாகோவின் டிபால் கல்லூரியில் ரே மெயர் என்ற கோச் அவரை வளையத்துக்குக் கீழே நிறுத்தினார். வலது கையால் ஒன்று, விழும் பந்தைப் பிடித்து இடது கையால் ஒன்று, இப்படி நூற்றுக்கணக்கில் தினமும். 1950இல் அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் என்று அசோசியேட்டட் பிரஸ் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அந்தப் பயிற்சிக்கு இன்றும் 'மைக்கான் டிரில்' என்றே பெயர்.

இதற்கு என்ன செலவு? வளையம் இருக்கிறது. அது ஓய்வாக இல்லையென்றால் சுவர் இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்று நெஞ்சுயரத்தில் ஐம்பது பாஸ். தலையைத் தூக்கி, பந்தைப் பார்க்காமல் இடது கையால் ஐம்பது தட்டு. பந்து கிடைக்காதவர்கள் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து தடுப்பாட்டம் பழகலாம். ஓடிக் களைத்த பிறகு, போர்டிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி நின்று பத்து ஃப்ரீ த்ரோ. களைத்த பிறகுதான் போட வேண்டும். மேட்ச்சில் அப்படித்தானே போடப்போகிறோம்?

உயரம் இல்லையா? ஐந்தடி மூன்றங்குல மக்ஸி போக்ஸ் அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். முழு மைதானம் இல்லையா? ஒரே வளையத்தில் மூன்றுக்கு மூன்று ஆடும் ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது.

ஓசூரில் எந்தத் தொழிற்சாலையிலாவது புதுப் பையனை முதல் நாளே மெஷின் முன்னால் நிறுத்தி, "நீயா கத்துக்கோ" என்பார்களா? திருகாணிக்குக் கொடுக்கும் மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அஞ்செட்டிப் பெண் ஒருத்தி விடியற்காலையில் பஸ் பிடித்து மாவட்டத் தேர்வுக்குப் போகிறாள் என்று வையுங்கள். "இடது கையால லே-அப் போடும்மா" என்பார்கள். அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐந்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'நமக்கு இதெல்லாம் வராது' என்ற முடிவோடு வீடு திரும்புவாள். அதுதான் பெரிய கொடுமை. சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாகி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். ரயில்வே வேலையும் அவருக்குப் பந்து கொடுத்ததுதான். அந்தக் கதவு அஞ்செட்டிப் பெண்ணுக்கு ஏன் மூடியே இருக்க வேண்டும்?

பந்தை உருட்டிவிடும் வாத்தியாரை மட்டும் திட்டிப் பயனில்லை. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பது யார்? அதைக் கேட்டுச் சந்தோஷப்படும் பெற்றோர் யார்? நாம்தான். 1891இல் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே ஒரு பி.டி. வாத்தியார். அவர் படித்து, பாடம் நடத்திய ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு மேலாக வாத்தியார்களைத் தயார் செய்து அனுப்புகிறோம். அனுப்பிய இடத்தில் அவர்களுடைய பீரியடைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரம் என் பிள்ளை கையில பந்து எத்தனை தடவை பட்டுச்சு சார்?"

பதில் வராது. வரும்வரை கேளுங்கள்.