வேலை தேடுவோருக்கு மனநல ஆலோசனை: புதுச்சேரிக்கு ஏன் அவசியம்? எங்கே கிடைக்கும்?

"என்ன தம்பி, இன்னும் வேலை ஒண்ணும் அமையலையா?"

புதுச்சேரியை அடுத்த மீனவ கிராமமான வீராம்பட்டினத்தில், செங்கழுநீரம்மன் கோயில் ஆடித் தேருக்கு சொந்தபந்தங்கள் கூடும். படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பதில் சொல்லத் தயங்கும் கேள்வி இது. அக்கறையில் கேட்பதுதான். ஆனால் மாதக்கணக்கில் இதையே கேட்டால், 'தப்பு நம்மகிட்டதான்' என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் நாட்டில் தற்கொலையால் உயிரிழந்த 1,70,924 பேரில் 9.2% பேர் வேலையில்லாதவர்கள். லட்சம் பேருக்கு தேசிய சராசரி 12.4. புதுச்சேரியில் 29.7. இதற்கு வேலையின்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

வேலை இல்லையென்றால் மனசு ஏன் சோர்கிறது?

ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமத்தில் ஜவுளி ஆலை மூடப்பட்டபின் நடந்த ஆய்வு 1933இல் வெளியானது. கைநிறைய நேரம் இருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூட அங்கே குறைந்துபோனது. சம்பளத்தோடு அன்றாட ஒழுங்கும், 'நாமும் தேவைப்படுகிறோம்' என்ற நினைப்பும் சேர்ந்தே போயின. 2020இல் ஏஎஃப்டி மில் மூடப்பட்டதைப் பார்த்த புதுச்சேரிக்கு இது வேற்றூர்க் கதை அல்ல.

இப்போது என்ன உதவி இருக்கிறது?

மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10 முதல் செயல்படுகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். ஆனால், இது எல்லோருக்குமான பொது சேவை. வேலை தேடுவோருக்கு 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்பு சேவையில் ஆலோசகர்கள் உண்டு. அவர்களின் பணி வேலைக்கு வழிகாட்டுவது. வேலைக்கு ஒரு கதவு, மனசுக்கு இன்னொரு கதவு என்பதுதான் நிலைமை.

இரண்டையும் சேர்த்தால் பலன் உண்டா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980களில் உருவாக்கிய 'ஜாப்ஸ்' திட்டம் இதைத்தான் செய்தது. அரை நாள் வீதம் 5 நாள் பயிற்சி. நேர்காணலுக்குத் தயாராவதோடு, நிராகரிப்பைத் தாங்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பங்கேற்றவர்களுக்கு வேலை கிடைப்பது கூடியது, மனச்சோர்வு குறைந்தது. பின்லாந்தும் பின்னர் இதை எடுத்துக்கொண்டது. இதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. ஒரு அறையும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் போதும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ கிராமத்து சமுதாயக் கூடத்திலோ நடத்தலாம்.

அதுவரை என்ன செய்வது?

தூக்கம் கெட்டாலோ, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போனாலோ 14416க்கு அழைக்கலாம். நிலைமை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்கள் வேலையை விசாரிக்கும் முன், "மனசு எப்படிப்பா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.