விழக் கற்றபின் விரைவு

விழாமல் மிதிவண்டி கற்றவர் எவரும் இலர். இரண்டு சக்கர வண்டிக்கே இது விதியென்றால், ஒற்றைச் சக்கர வண்டியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு நான்கு கால்கள். நமக்கோ ஒரே சக்கரம்!

நம் வளாகத்தில் மாலை வேளைகளில் ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டிப் பழகுவோர் சிலர் உண்டு. இரண்டாண்டுகளாக அவர்களுள் நானும் ஒருவன். அண்மையில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், கியர் பொருத்திய ஒற்றைச் சக்கர வண்டியொன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். சாதாரண வண்டியில் தேறியவர்கள் எல்லாரும் அதில் ஏறிப் பார்க்கத் துடிக்கிறார்கள். துடிப்பில் தவறில்லை. ஆனால் மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் அணிந்து வருகிற இளையவரைப் பார்த்து, "என்ன தம்பி, போருக்கா புறப்பட்டாய்?" என்று நகைக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கியர் நம் வேகத்தைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. நாம் விழுகின்ற முறையையே மாற்றிவிடுகிறது. இதை உணராமல் நகைப்பது அறிவியல் கற்போர்க்கு அழகன்று.

சாதாரண ஒற்றைச் சக்கர வண்டியில் பெடல் நேரே அச்சோடு பிணைந்திருக்கும். கால் ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறை சுற்றும். கால் நின்றால் சக்கரமும் நிற்கும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஃப்ளோரியன் ஷ்லும்ஃப் என்பவர் அமைத்த சக்கரக் குடத்தில், கதிரவனைக் கோள்கள் சுற்றுவதுபோல் நடுப் பற்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் சுற்றி வருகின்றன. அச்சின் முனையிலுள்ள பொத்தானை ஓட்டிக்கொண்டே குதிகாலால் தட்டினால் கியர் மாறும். அதன்பின் கால் ஒருமுறை சுற்றும்போது சக்கரம் 1.55 முறை சுற்றும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். நிமிடத்துக்கு 100 முறை மிதித்தால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். மேல் கியரில் அதே மிதிப்புக்கு 21 கிலோமீட்டருக்கும் மேல். மணிக்கு 14 கிலோமீட்டரில் வண்டி நழுவினால் நாம் முன்னே குதித்து, நாலைந்து எட்டு ஓடி நின்று விடுகிறோம். பார்ப்பவர்கள் அதை விழுதல் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 21 கிலோமீட்டர் வேகத்தில், தரையில் கால் பட்ட கணமே அதே வேகத்தில் ஓடத் தொடங்க நம்முள் எத்தனை பேரால் இயலும்? கால் பின்தங்கும், உடல் முந்தும், கை தரையை நாடும். வேகம் 1.55 மடங்கானால் இயக்க ஆற்றல் 2.4 மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. ஒற்றைச் சக்கரத்தில் சமநிலை என்பது பெடலில் நாம் கொடுக்கும் நுண்ணிய அழுத்தமே. மேல் கியரில் அதே அழுத்தம் சக்கரத்தை அடையும்போது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பற்சக்கரங்களுக்கிடையே உள்ள சிறு தளர்வும் காலுக்குப் புதிது. பள்ளத்தில் சக்கரம் தடைபட்டால் அதைத் திருத்திக்கொள்ள வலிமையும் குறைவு, நேரமும் குறைவு.

வரலாற்றிலே ஒரு வேடிக்கை பாருங்கள். 1870களில் ஐரோப்பாவில் ஓடிய மிதிவண்டிக்கு முன்சக்கரம் ஆளுயரம். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதே அன்று வழி. கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி வந்தது. சங்கிலியும் பற்சக்கரமும் வேகத்தைப் பார்த்துக்கொண்டதால் சக்கரம் சிறுத்தது, இருக்கை இறங்கியது, ஆபத்தும் குறைந்தது. இரண்டு சக்கரத்துக்குப் பாதுகாப்பைத் தந்த அதே பற்சக்கரம், ஒற்றைச் சக்கரத்துக்கு வேகத்தை மட்டுமே தந்தது. தாங்கிக்கொள்ள இரண்டாவது சக்கரத்தைத் தரவில்லை.

கையை ஊன்றி விழுந்தால் என்ன ஆகும்? மணிக்கட்டின் அருகே முன்கை எலும்பு முறிவதை அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814லேயே விளக்கி எழுதினார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல்தான். அதனினும் வஞ்சகமானது, கட்டைவிரல் அடியிலுள்ள ஸ்கேபாய்டு என்னும் சிற்றெலும்பின் முறிவு. முதல்நாள் படத்தில் அது தெரியாமலே போகலாம். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பாதலால் கவனியாது விட்டால் கூடாமலும் போகலாம். சுளுக்கு என்றெண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள், கட்டைவிரல் அடியில் வலி நீடித்தால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுவது கடமை.

இதை நம்மவர்க்கு நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் ஊரைவிட்டு இரண்டு நாள் ரெயில் பயணத் தொலைவில் இருக்கிறோம். வலக்கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு என்றால் தேர்வை எழுதுவது யார்? சோதனைச் சாலையில் குடுவையைப் பிடிப்பது யார்? சோறு பிசைந்து ஊட்ட அம்மாவா அருகில் இருக்கிறார்கள்? வலி எந்த இடத்தில் என்று மருத்துவரிடம் வேற்று மொழியில் சொல்வதே நம்மில் பலருக்குப் பெரும்பாடு. உதவித் தொகையை நம்பி வீடு காத்திருக்கும் மாணவனுக்கு ஒரு பருவம் இழப்பது சிறு இழப்பா?

"காப்பு அணிந்தால் துணிச்சல் மிகும், கவனம் குறையும்" என்று வாதிடுவோர் உண்டு. இது முற்றிலும் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆயினும் கவனம் மிக்கவனையும் பள்ளம் கவிழ்க்கும். விறைப்பான மணிக்கட்டுக் காப்பு, கை பின்னோக்கி மடங்காமல் தடுத்துத் தரையில் வழுக்கிச் செல்ல விடுகிறது. கவனம் செய்ய முடியாத வேலை இது. அஞ்சி ஒதுங்குங்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. அகன்ற சாலையில் காற்றைக் கிழித்துச் செல்லும் இன்பத்தை நானும் விரும்புபவனே.

ஆகவே தோழர்களே, நமக்குள் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொள்வோம். நம் கால் எவ்வளவு வேகத்தில் ஓடுமோ அதுவரைதான் வெறுங்கையோடு ஓட்டலாம். அப்போதும் தலைக்கவசம் வேண்டும். அதைக் கடக்க விரும்புவோர் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் காப்பின்றி மேல் கியரைத் தட்டலாகாது. முதலில் புல்வெளியில் வேண்டுமென்றே குதித்து ஓடப் பழக வேண்டும். வண்டிகளும் பள்ளங்களும் இல்லாத சமதளத்தில் மட்டுமே கியர் மாற்றிப் பழக வேண்டும். புதிதாக வருபவர்க்கு ஏறுவதைக் கற்பிக்கும் நாளிலேயே இறங்குவதையும் கற்பிப்போம். வரும் சனிக்கிழமை மாலை விளையாட்டுத் திடலில் இதைத் தொடங்கலாம். காப்புகள் இரண்டு இணை என்னிடம் உள்ளன; வேண்டுவோர் வந்து அணிந்து பார்க்கலாம்.